ஆறு இதழ் ரிப்பன்

டிபன் பாக்ஸை எடுக்கக் கணவனின் ஆபீஸ் பைக்குள் கை விட்டவளுக்கு, ரிப்பன் பூ கட்டிய ஒரு சின்னப் பெட்டி அகப்பட்டது.

"என்னங்க இது?"

அவன் திடுக்கிட்டான், உடனே சிரித்தான்.

"உனக்குத்தான்! சர்ப்ரைஸா தரலாம்னு வச்சிருந்தேன்."

"ரிப்பனை யார் கட்டினது?"

"நான்தான்."

"ஷூ லேஸையே கட்டத் தெரியாம இழுத்துக்கிட்டுத் திரியிற ஆளு, ஆறு இதழ்ல பூ கட்டினீங்களா?"

"சரிம்மா, கடையில கட்டிக் கொடுத்தாங்க. இதுக்குமா சந்தேகம்?"

அவள் பூவைத் திருப்பிப் பார்த்தாள். "இது இடது கைக்காரி போட்ட முடிச்சு."

"எந்தக் கையா இருந்தா என்ன? பிரிச்சுப் பாரேன்."

"பிரிக்காமலே சொல்றேன். உள்ளே இருக்கிறது ஆம்பளைங்க கட்டுற வாட்ச்."

"வாட்சா?" என்றான் அவன், தன்னை மறந்து.

"உங்களுக்கே தெரியாதா?"

அவள் இடது கையால் ரிப்பனை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள்.

"நேத்து எங்க கடையில, பேக்கிங் கவுன்ட்டர்ல நான் கட்டினது இது. 'நான் கல்யாணம் பண்ணிக்கப் போறவருக்கு அக்கா, அழகா கட்டுங்க'ன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. ஆசையா கேக்குதேன்னு ரெண்டு இதழ் கூடுதலாவே வச்சேன்."