நாலாவது டேங்க்

"ஏழு நாளைக்கு விமான எண்ணெய் இருப்பு வேணும், மோனிக்கா. நாலு டேங்க். பத்தலைன்னா ப்ளேனை நீயா தள்ளுவே?" என்றார் விமான நிலைய எண்ணெய்க் கிடங்குத் திட்ட மேலாளர் தயாளன்.

"கப்பல்தான் வாரத்துக்கு ரெண்டு தடவை வருதே சார். அஞ்சு நாள் இருப்பு போதும். மூணு டேங்க் போடுவோம்."

மீன் கடைப் பேரம் போலக் காலையிலிருந்து இழுத்தாள் மோனிக்கா. நாலாவது டேங்க் வரவேண்டிய இடத்தில்தான் அவளுடைய மாமா சவரிமுத்துவின் வீடு இருந்தது. "எத்தனை டேங்க்மா முடிவாச்சு?" என்று தினமும் போனில் கேட்பார். குரல் நடுங்கும்.

மாலையில் தயாளன் இறங்கி வந்தார். "சரிலா, மூணு. வரைபடத்துல வேலியை உள்ள தள்ளிப் போடு."

நேரே மாமா வீட்டுக்கு ஓடினாள்.

"மாமா, மூணு டேங்க்தான்! உங்க வீட்டை எடுக்க மாட்டாங்க. வேலி உங்க குசினிக்குப் பின்னாலேயே, சமையல்கட்டுச் சுவரை ஒட்டி நின்னுரும்."

சவரிமுத்து பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்த வீட்டை விக்க மூணு வருஷமா அலையுறேம்மா. இனி டேங்க் பக்கத்துல எவன் வாங்குவான்? கவர்மெண்டு காசு கொடுத்து எடுத்துக்கும், ஜுருவுல இருக்கிற மகன்கிட்ட போயிரலாம்னு உன் அத்தைகிட்ட சொல்லி வச்சிருந்தேன். நாலு டேங்க் போடுன்னு வாயைத் திறந்து கேட்டா உனக்கு ஆபீஸ்ல சங்கடம்னுதான் சும்மா இருந்தேன்."



அவர் எழுந்துபோய், கட்டிலுக்கு அடியில் கிடந்த 'வீடு விற்பனைக்கு' பலகையை இழுத்துத் தூசி தட்டினார்.

"அந்தச் சுத்தியலைக் கொஞ்சம் எடும்மா," என்றார்.