புனைபெயர்

"வணக்கம் கோகிலவாணி சார்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார் அந்த மனிதர்.

சொன்னது உதயாவைப் பார்த்து.

சமையலறையிலிருந்து காபியுடன் வந்த அவன் மனைவி கோகிலவாணி அப்படியே நின்றுவிட்டாள்.

வந்தவர் ஸ்ரீரங்கன். வாரப் பத்திரிகை ஒன்றின் உதவி ஆசிரியர். அவள் எழுதி அனுப்பும் க்ரைம் கதைகளை இரண்டு வருடமாகப் பிரசுரிப்பவர். இதுவரை தபாலில்தான் பழக்கம். இப்போது தொடர்கதை கேட்டு, மவுன்ட் ரோட்டிலிருந்து பஸ் பிடித்துப் பெருங்களத்தூர் வரை நேரிலேயே வந்துவிட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தப்பு அவர் மேல் இல்லை. மனைவியின் பெயரை வைத்துக்கொண்டு எழுதும் ஆண்கள் பத்திரிகை உலகில் எத்தனையோ பேர். அதிலும் கோகிலவாணி என்ற பெயரில் சயனைடும் கழுத்தறுப்புமாக எழுதினால், மீசை வைத்த ஆசாமி என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

கணவன் இப்போது சிரித்துக்கொண்டே திருத்திவிடுவான் என்று காத்திருந்தாள்.

உதயா, "உக்காருங்க சார்" என்றான். அவ்வளவுதான்.

எழுத்தா, குடும்பமா, ரெண்டுல ஒண்ணு சொல்லு என்று முந்தின நாள்தான் அவன் கெடு வைத்திருந்தான். கீழ்க்கட்டளையில் அவன் சொந்தக்காரர்கள் மத்தியில் தலைகாட்ட முடியவில்லையாம். சாப்பாட்டுல எதுனா கலந்துடப் போகுது மச்சான், பார்த்துத் துண்ணு என்று கல்யாண வீட்டில் வைத்து ஓட்டினார்களாம்.

அவள் முடிவெடுத்துவிட்டாள். தாம்பரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சொல்லி வைத்தாகிவிட்டது. தொடர் உறுதியானால் இன்றே கிளம்பிவிடுவாள்.

ஸ்ரீரங்கன் தொடர் பேச்சை எடுத்தார். அட்டையிலேயே அறிவிப்பு போடலாம் என்று ஆசிரியர் சொல்கிறாராம்.

உதயா பெருமூச்சு விட்டான். "எழுதினது போதும் சார். நிறுத்திடறேன். இனிமே வீட்டைக் கவனிக்கணும்."

தினமும் அவளிடம் அவன் சொல்லும் அதே வாக்கியம். ஆள் மட்டும் மாறியிருந்தது.

கோகிலவாணி காபியை டீப்பாயில் வைத்தாள்.

"கோகிலவாணி நான்தான் சார். எல்லாக் கதையும் நான் எழுதினது. தொடரும் நானே எழுதித் தரேன்."

உதயா எகிறுவான் என்று எதிர்பார்த்தாள். எகிறவில்லை. மறுக்கக்கூட இல்லை. தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த மௌனமே அவளுக்குத் தைரியம் கொடுத்தது. மடமடவென்று சொல்ல ஆரம்பித்தாள். எந்தக் கதையில் பிணம் எங்கே கிடந்தது, எந்த வில்லனுக்கு இடது கைப் பழக்கம், ஆபீசில் எந்தப் பாராவை வெட்டினார்கள், வெட்டிய பாராவில் என்ன இருந்தது. அப்படியும் நம்பாமல் போய்விட்டால் என்ற பயத்தில் பேச்சு வேகமெடுத்தது. குரல் உயர்ந்தது. நடுவில் ஒருமுறை அழுகை வந்து, துடைத்துக்கொண்டு மேலே தொடர்ந்தாள்.

ஸ்ரீரங்கன் குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஆமாம்மா, நீங்கதான், எனக்குத் தெரியாதா என்றார். எழுதுங்க, நிதானமா எழுதுங்க, அவசரமே இல்லை என்றார். அத்தனை கனிவாக அவளிடம் யாரும் பேசி வெகு நாளாகிவிட்டது.

ஜெயித்துவிட்டாள். இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவளே நினைக்கவில்லை.

முதல் அத்தியாயம் பீரோவில் தயாராக இருந்தது. கையோடு கொடுத்தனுப்பிவிடலாம். ஒரு நிமிஷம் சார் என்று உள்ளே ஓடினாள்.

தாள்களுடன் திரும்பியபோது ஹாலில் யாருமில்லை. காபி ஒரு வாய்கூடக் குடிக்கப்படாமல் ஆடை கட்டியிருந்தது.

வெளியே மாடிப்படியில் பேச்சுக் குரல் கேட்டது. வாசலுக்குப் போனாள்.

ஸ்ரீரங்கன் அவளுக்கு முதுகு காட்டி, உதயாவின் தோளில் கை வைத்து நின்றிருந்தார்.

"போன வாரம் போன்ல நீங்க சொன்னப்ப நான்கூட நம்பல சார். இன்னிக்குக் கண்ணால பார்த்துட்டேன். பாவம், உங்க கதையெல்லாம் ஒரு வரி விடாம மனப்பாடமா வெச்சிருக்காங்களே... மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்பிடறாங்களா?"