நாலு விரல்

எங்கள் கப்பல் உறைகுளிரில் திரவமாக்கிய எரிவாயுவில் ஓடுகிறது. அதற்கு வாசனையே கிடையாது. கசிந்தால் மூக்குக்குத் தெரியாது. ஒரு பொறி பட்டால் போதும், கதை முடிந்தது.

ஃபிட்டர் அண்ணன் நாலே விரல் உள்ள வலக்கையைக் குழாயில் வைப்பார். "அலாரம் கத்துறதுக்கு முன்னாடி என் கை கத்திடும்டா" என்பார். ஒருமுறைகூடப் பிசகியதில்லை. கையா அது!

போன மாதம் விடுப்பில் போனவர், வீட்டிலேயே காலமானார்.

இன்று காலை ஒரு குழாய் மூட்டில் பனி பூத்திருந்தது. அதில் நாலு விரல் பதிந்த கைத்தடம். எரிவாயுவை நிறுத்தி, எல்லோரையும் மேல்தளத்துக்கு விரட்டினேன்.

"அலாரமே அடிக்கல, உனக்கென்ன கிறுக்கா?" என்றார் தலைமை இன்ஜினியர். அவர் வாயை மூடுவதற்குள் கீழே அலாரம் கத்தியது.

பிறகு என் தோளையே பார்த்தார்.

"இந்த வெயில்ல சட்டையில எப்படிடா பனி?"

அண்ணன் சபாஷ் சொல்லித் தட்டும் இடம் அது.