விளக்கணைத்த பத்து நிமிடம்

விசில் ஊதியதும் மன்னார்குடி பந்தலடி மொத்தமும் இருண்டது.

எல்லையில் சண்டை தொடங்கி அன்று ஒன்பதாவது நாள். ஏழரை மணிக்குப் பத்து நிமிடம் விளக்கை அணைத்து ஒத்திகை பார்க்க வேண்டுமென்று காலையிலிருந்தே ஆட்டோவில் மைக் கட்டி அலறிக்கொண்டிருந்தார்கள்.

இருட்டில் உட்கார நம்மூர்க்காரனுக்கு ஒத்திகை எதற்கு என்று கேட்க, தார்ப்பாய்க் கடை ஜெக்கரியாவுக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

ஒன்பது நாளாக அவர் எதையுமே கேட்கவில்லை.

முப்பது வருடமாக எந்தக் கட்சி ஆண்டாலும் பாரபட்சமில்லாமல் திட்டியவர். நெல்லை மூட தார்ப்பாய் வாங்க வருகிறவர்கள், மேற்கொண்டு அரை மணி நேரம் நின்று அவர் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

சண்டை வந்த அன்றைக்கே மனைவி கமருன்னிஸா கடைக்கு வந்து, அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

காரணம் இருந்தது. மகள் ரிஃப்காவுக்கு தோஹாவில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை மட்டும்தான் பாக்கி. ஏட்டு மதிவாணன் மறுநாள் காலை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பக்கத்து ஊரில் ஒருவர், நாட்டை ஆளும் தலைவரைக் கேலி செய்து வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்ததற்கே ஒரு பகல் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சைத் தேய்த்துவிட்டு வந்திருந்தார்.

"தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? நம்ம பேரைப் பாத்தே நாலு கேள்வி கேப்பாங்க மச்சான். அஞ்சாவதுக்கு நீங்க வழி பண்ணாதீங்க."

மனைவி சொல்லுக்கு ஜெக்கரியா வாயை மூடிக்கொண்டார். சாப்பாடு செரிக்கவில்லை.

இப்போது நடுரோட்டில் நின்று விசில் ஊதியதும் அதே மதிவாணன்தான்.

முதல் ஒரு நிமிடம் கொசு பாடியது மட்டும் கேட்டது. பிறகு பஸ் நிற்கும் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"சண்ட கெடக்கட்டும், யூரியா எங்கய்யா போச்சு?"

எங்கோ ஒருவர் சிரித்தார். இன்னொரு பக்கமிருந்து அடுத்த குரல்.

"பட்டாளத்துச் சட்டய மாட்டிக்கிட்டு டிவியில நிக்கிறாரே, அவரு புள்ள எந்தப் படையில இருக்கு?"

"லண்டன் படையில!"

தெருவே குலுங்கிச் சிரித்தது. யூரியா கேட்டது வடக்குத் தெரு கண்ணுசாமி என்று ஜெக்கரியாவுக்குத் தெரிந்தது. லண்டன் படை என்றவர், அந்தத் தலைவருக்கே இந்த வார்டில் கொடி பிடிக்கிறவர்.

ஜெக்கரியாவுக்குப் பொறுக்கவில்லை. இதையெல்லாம்விட நல்லதாக ஏழெட்டு அவர் கைவசம் இருந்தன. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார்.

அப்போதுதான் ஒரு பெண் குரல் எழுந்தது.

"சண்ட வேணும் வேணும்னு கத்துறவன் வீட்லேருந்து ஒருத்தனும் போவல. போறது பூரா நம்மள மாதிரி ரேஷன் கடையில நிக்கிறவங்க பெத்த புள்ளைங்க. செத்ததுக்கப்புறம் மாலய தூக்கிக்கிட்டு வர்றீங்களே, எதுக்காக இந்தச் சண்டன்னு முன்னாடியே ஒரு வார்த்த எங்ககிட்ட சொன்னா என்ன? ஓட்டுக் கேக்க மட்டும் வாசல் தெரியுதுல்ல?"

யாரும் சிரிக்கவில்லை.

ஜெக்கரியாவுக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பது வருடத்தில் ஒரு நாளாவது தான் இப்படிக் கேட்டிருப்போமா என்று பொறாமையாகக்கூட இருந்தது. யார் பெற்ற மகராசியோ! கேட்டாயா என்று சொல்ல, பக்கத்து நாற்காலியைத் தொட்டார்.

நாற்காலி காலியாக இருந்தது.

வீட்டில் எப்போதும் அவரே பேசிக்கொண்டிருந்தால் அந்தக் குரல் எப்படிப் பழகியிருக்கும்?

எதிர் ஜூஸ் கடை சமீருக்கு ஐஸ்கிரீம் கவலை. கரண்ட் போனால் ஜெனரேட்டர் கயிற்றை இழுப்பது அவருடைய பதினைந்து வருடப் பழக்கம். ஏழு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டிருந்தவர், ஒத்திகை என்பதையே மறந்து இழுத்துவிட்டார்.

கடையில் இருந்த அத்தனை டியூப் லைட்டும் எரிந்தன.

நடுரோட்டில், கையை நீட்டியபடி கமருன்னிஸா. அவர் விரலுக்கும் ஏட்டு மதிவாணன் சட்டைப் பொத்தானுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

தெருவில் அத்தனை பேரும் வானத்தைப் பார்த்தார்கள். விமானம் வருகிறதா என்று திடீரென்று எல்லோருக்கும் அக்கறை வந்துவிட்டது.

ஜெக்கரியாவின் கண்முன்னால் மகளின் தோஹா போய்க்கொண்டிருந்தது. செருப்புக்கூடப் போடாமல் ஓடி நடுவில் நின்றார்.

"ஏட்டய்யா, பேசுனது நாந்தான்."

மதிவாணன் அவரைப் பார்த்தார். கமருன்னிஸாவைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு காது கிழிய விசில் ஊதினார்.

"எவன்யா ஜெனரேட்டர போட்டது? இன்னும் மூணு நிமிஷம் இருக்கு. அணைய்யா!"

மறுபடி இருட்டு. ஜெக்கரியா துழாவி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மிகப் பக்கத்தில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"அக்கா கேட்டதுல என்ன தப்பு? எந்தம்பி அங்கதான் நிக்கிறான். ஒம்பது நாளா போன் இல்ல. இவரு மட்டும் தெனம் ராத்திரி டிவியில வந்து நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கிறாரு."

தொடங்கியது அடங்கவில்லை. மிச்சமிருந்த மூன்று நிமிடமும், தலைவரில் தொடங்கி அவர் பரம்பரை வரைக்கும், அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளாக வந்துகொண்டே இருந்தது.

அது யாருடைய குரல் என்று போலீஸே வந்து கேட்டாலும் ஜெக்கரியா சொல்லமாட்டார்.