கணக்கில் வராத நிறை

பெற்ற பிள்ளையோடு கதைக்கக் கிடைக்கிற அரை மணித்தியாலத்தையும் ஒரு மனிதர் கரவனின் அச்சைப் பற்றிப் பேசியே கழிப்பாரானால், அவரை என்ன செய்வது என்று சிவகௌரிக்குத் தெரியவில்லை.

பதினான்கு மாதங்களாக இதே கூத்துத்தான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு லீட்ஸிலிருந்து மகன் சஞ்சயன் அழைப்பான். லண்டன் கிங்ஸ்பரி வீட்டு முற்றத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், காரில் கட்டி இழுக்கிற வண்டிவீடான அந்த முப்பது வயதுக் கரவனைப் பார்த்தபடி அவள் கணவர் யோகலிங்கம் பேசுவார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற கையோடு மலிவாக வாங்கியது. கதவோரத்தில் நிறை எழுதியிருந்த தகடு எப்போதோ கழன்று தொலைந்துவிட்டது. அக்சில் என்கிற அந்த அச்சு எத்தனை கிலோ தாங்கும் என்று தெரியாமல் அதைத் தெருவில் இறக்க ஏலாது. வாங்கிய அன்றே அச்சைப் படம் பிடித்து எஞ்சினியர் மகனுக்கு அனுப்பினார். மூன்று வருடம் பேசாதிருந்தவன் அன்றுதான் முதலில் அழைத்தான்.

அன்று தொடங்கிய கணக்கு இன்னும் முடியவில்லை. வாசல் கேற்றுக்கு அடிக்க வாங்கிய கறுப்புப் பெயின்ற் மூலையில் கிடக்க, கேற் துருப்பிடித்து நிற்க, கணக்கு மட்டும் நடந்தது.

போன கிழமை டயரில் கண்ட இலக்கத்தை இரண்டால் பெருக்கினார். அது டயர் தாங்குகிற நிறை என்றான் மகன். டயர், சில்லு, அச்சு எல்லாவற்றிலும் ஆகக் குறைந்தது எதுவோ அதைத்தான் எடுக்க வேண்டுமாம். அதற்கு முந்திய கிழமை, குளியலறைத் தராசில் ஏறித் தம்முடைய நிறையையும் மனைவியின் நிறையையும் சேர்த்துவிட்டார்.

"ஓடேக்கை கரவனுக்குள்ளை ஆக்கள் இருக்கக் கூடாது அப்பா. ஆக்களின்ரை நிறை கணக்கிலை வராது."

ஒரு கிலோ பிசகினாலும் விடமாட்டான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அப்படித்தான்.

தொலைபேசி ஸ்பீக்கரில் கிடக்கும். சிவகௌரி குசினிக்குள் நின்று, உரித்த வெங்காயத்தையே திரும்பவும் உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் இருமினானா, தடிமன் குரலா என்று கவனிப்பாள். பின்னால் யாரோ மேசையில் கோப்பை வைக்கும் சத்தமும் கேட்கும். அது யார் என்று அவளுக்குத் தெரியும்.

நான்கு வருடங்களுக்கு முன், கிறிஸ்தவப் பெண் எமில்டாவைக் கட்டப் போவதாக மகன் சொன்னபோது, "வேதக்காரப் பெட்டையைக் கட்டினால் இந்தப் படி ஏறாதை" என்று சொன்னவள் சிவகௌரிதான். யோகலிங்கம் வாயே திறக்கவில்லை. மகன் எமில்டாவைக் கட்டினான்; அதற்குப் பிறகு படி ஏறவில்லை.

துரத்திய வாய்க்குக் கூப்பிட வெட்கமாக இருந்தது. வெட்கமெல்லாம் கோபமாகிக் கணவர்மேல் விழுந்தது.

"எப்ப வாறாய் எண்டு ஒரு சொல்லுக் கேட்டால் உங்கடை அக்சில் முறிஞ்சு போகுமோ?"

"முதல் கணக்கு முடியட்டும் கௌரி."

தானே முடித்துவிடுவதென்று அவள் தீர்மானித்தாள். சனிக்கிழமை காலை அவர் வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, இராஜேந்திரனை வரவழைத்தாள். ஜெர்மனியில் இருபது வருடம் லொறி திருத்திவிட்டு லண்டனுக்கு வந்தவர். கரவனுக்கு அடியில் புகுந்தவர் ஐந்து நிமிடத்தில் குரல் கொடுத்தார்.

"தங்கச்சி, அக்சிலிலை தனியா ஒரு தகடு இருக்கு. ஆரோ மேலாலை கறுப்புப் பெயின்ற் அடிச்சு மறைச்சிருக்கினம். சுரண்டிப் பாத்தன். ஆயிரத்து முந்நூறு கிலோ."

கேற் காணாத பெயின்ற் எங்கே போனதென்று அப்போது விளங்கியது. கட்டின மனுசனின் கள்ளத்தை மகனிடம் போட்டுடைக்கிற வேகத்தில், நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவனுடைய இலக்கத்தை அழுத்தினாள்.

"தம்பி, அக்சில் தாங்கிறது ஆயிரத்து முந்நூறு. உன்ரை அப்பா தெரிஞ்சுகொண்டே தகட்டை மறைச்சு வைச்சிருக்கிறார்."



"எனக்குத் தெரியும் அம்மா. முதல் நாள் அனுப்பின படத்திலேயே இலக்கம் வடிவாத் தெரிஞ்சது. விளங்கேல்லை எண்டு நான்தான் பொய் சொன்னனான்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமையிலை பிறகு நான் என்னத்தைச் சொல்லிப் போன் எடுக்கிறது?"

 தொலைபேசியை வைத்தாள்.

"அண்ணை, நீங்கள் இஞ்சை வரேல்லை. ஒண்டும் காணேல்லை," என்று இராஜேந்திரனை அனுப்பிவைத்தாள். பெயின்ற் பேணியையும் தூரிகையையும் தேடி எடுத்தாள். அறுபத்திரண்டு வயதில் கரவனுக்கு அடியில் மல்லாந்து படுப்பது இலேசான காரியமல்ல. சுரண்டிய இடம் மறையும்வரை படுத்திருந்தாள்.

மறுநாள் நாலு மணி. யோகலிங்கம் காஸ் சிலிண்டரின் நிறையை இரண்டு தடவை கூட்டிவிட்டு, மகன் திருத்துவதற்காகக் காத்திருந்தார். குசினியிலிருந்து வந்த சிவகௌரி, அவருடைய கையிலிருந்த தொலைபேசியை வாங்கினாள். 

"தம்பி, கணக்கிலை ஒரு ஆள் விடுபட்டுப் போச்சு," என்றாள். "என்ரை மருமகளின்ரை நிறை எவ்வளவு?"

கோப்பை வைக்கும் சத்தம் பாதியில் நின்றது.

ஒரு கிலோ பிசகினாலும் விடாத மகன், அந்தப் பிழையை மட்டும் திருத்தவில்லை.

"ஐம்பத்தெட்டுக் கிலோ, அம்மா."