மெய்யம்மை ஆச்சியின் அரைப்புள்ளி

அடியவர் மனத்து அழுக்கைத் தானே காட்டி, தானே கழுவியும் விடுகின்ற கருணைக்கடலாகிய சிவபெருமான் திருவடிகளைச் சிந்தையில் இருத்தி, கொத்தமங்கலத்துப் படைப்பு வீட்டில் நடந்த இதைச் சொல்லுகிறோம்.

"இந்தப் பணம் படைப்புக்கு ஆகாது ஆச்சி. எடுத்துக்கிருங்க."

சொக்கலிங்கம் இப்படிச் சொன்னதும் கூடத்தில் பேச்சு நின்றது.

முன்னோருக்குப் படைப்பதற்காகப் பங்காளிகள் எல்லாரும் கூடியிருந்த நாள் அது. மனைவியோடு வாழ்பவருக்கு ஒரு புள்ளி, துணையை இழந்தவருக்கு அரைப்புள்ளி என்று வரி வாங்குவது வழக்கம். வரி கொடுத்த வீட்டின் பெயரைச் சொல்லித்தான் விளக்கின் முன் கும்பிடுவார்கள். கொடுக்காத வீடு அவ்வாண்டு கணக்கில் இல்லை. இம்முறை வரி வாங்கும் பொறுப்பு சொக்கலிங்கத்துடையது.

மெய்யம்மை ஆச்சி, சொக்கலிங்கத்தின் காலமாகிவிட்ட பெரியப்பா மகனுடைய மனைவி. "டிவிடெண்டு நேத்துத்தான் வந்துச்சு தம்பி, அப்படியே எடுத்தாந்தேன்" என்று அவர் உண்மையைச் சொன்னதுதான் வினையாயிற்று.

"எந்தக் கம்பெனி டிவிடெண்டு?" என்று கேட்டிருந்தார் சொக்கலிங்கம்.

"உங்க அண்ணன் வாங்கி வச்சுட்டுப் போன ஷேருதான். சிகரெட்டுக் கம்பெனி."

அதன் பிறகே மேலே சொன்ன வார்த்தை.

"எனக்கு வேற வருமானம் ஏது தம்பி? அவுக பேரு இந்த வருசம் விட்டுப்போயிருமே."

"அதுக்காக? ஊரான் நெஞ்சைக் கருக்குன காசுல நம்ம முன்னோருக்கு இலை போடச் சொல்றீகளா?"

பூர்வீக வீட்டை ஓட்டலாக்கி நடத்தும் பங்காளி நாராயண் குறுக்கிட்டார். "சொக்கண்ணே, அப்படிப் பாத்தா என் ஓட்டல்ல தங்குறவுக எல்லாம் இளநி குடிச்சிட்டா படுக்குறாக? என் புள்ளியையும் திருப்பித் தந்துருங்க."

சிலர் சிரித்தனர். சொக்கலிங்கம் சிரிக்கவில்லை.

"கேலி பண்ணாதடா. ரிட்டயரான காசு பூராவும் நான் ஷேர் மார்க்கெட்லதான் போட்டிருக்கேன். ஒரு சாராயக் கம்பெனி உண்டா? ஒரு சிகரெட்டுக் கம்பெனி உண்டா? டிவிடெண்டுக்கு சோப்பு, சிமெண்டு, பேங்க்கு. மிச்சம் பூரா இண்டெக்ஸ் பண்டு. பதிகம் ஓதாம நான் விலை நிலவரத்தையே பாக்குறதில்ல, தெரியுமா?"

மெய்யம்மையின் உதடுகள் அசைந்தன. ஆனால் சொல் எதுவும் வரவில்லை. பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார்.

சென்னையில் ஒரு மியூச்சுவல் பண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கும் சொக்கலிங்கத்தின் மகள் சௌபர்ணிகா, தகப்பனாரைப் பக்கத்து அறைக்கு அழைத்தாள்.

"அப்பச்சி, உங்க இண்டெக்ஸ் பண்டுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுதான் பேசுனீகளா?"

"தெரியாமலா? நாட்டுல பெரிய கம்பெனி அம்பதையும் மொத்தமா வாங்குற பண்டு."

"அந்த அம்பதுல அந்தச் சிகரெட்டுக் கம்பெனியும் ஒண்ணு."

சொக்கலிங்கம் ஒரு கணம் விழித்தார். பிறகு, "இருந்தா என்ன, துளிதானே?" என்றார்.

"துளிதான். ஆனா நீங்க போட்டிருக்கிற தொகைக்கு, மெய்யம்மை பெரியாத்தாவோட பங்கு பூராவும் சேந்தாக்கூட அந்தத் துளிக்குப் பாதி வராது."

அவர் நெற்றியில் வியர்த்தது. திருநீறு ஈரமாகிக் கோடு கலைந்தது.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

கேட்ட பிறகுதான், தம் வாயில் முதலில் வந்த கேள்வி இதுதானா என்று அவருக்கே உறைத்தது.

"பெரியாத்தாவுக்குத் தெரியும். 'உங்க அப்பச்சி மாதிரி நானும் சுத்தமா இருக்கணும், இதை வித்துட்டு அவன் வச்சிருக்கிற பண்டையே வாங்கிக் குடு ஆத்தா'ன்னு போன வருசமே எங்கிட்டக் கேட்டாக. அதுக்குள்ளயும் இது இருக்குன்னு நான்தான் சொன்னேன்."

சொக்கலிங்கம் பின்கட்டுக்கு நடந்தார்.

வரி கொடாதவர் என்று ஒதுக்கப்பட்ட மெய்யம்மை, அதே படைப்புக்காக அங்கே வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கும் துணிவு சொக்கலிங்கத்துக்கு இல்லை. அரிவாள்மணையைப் பார்த்தபடி பேசினார். ஆனால் கூடத்தில் இருந்தவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று உரக்கவே பேசினார்.

"ஆச்சி, புள்ளிப் பணத்தைக் குடுங்க."

"இது அதே காசுதான் தம்பி."

"என் காசும் அதேதான் ஆச்சி. என் பண்டுக்குள்ளயும் அந்தக் கம்பெனி இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு பாக்காமலே பெருமை பேசிட்டேன்."

கூடத்திலிருந்து நாராயண் எட்டிப் பார்த்தார்.

சொக்கலிங்கத்தின் குரல் இறங்கியது. "உங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே. அத்தனை பேருக்கு நடுவுல உங்களைத் தலைகுனிய வச்சேன். அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? பேசாமப் போனீகளே!"

மெய்யம்மை கையைத் துடைத்துக்கொண்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

"சொல்லியிருந்தா, நீ பேசுன நியாயப்படி உன் முழுப்புள்ளியும்ல போயிருக்கும். பேசாம இருந்தா போறது என்னுது அரைதானே தம்பி?"

இதைப் படித்தோர், படிக்கக் கேட்டோர் அனைவர் பெயரும் தத்தம் குலத்து விளக்கின் முன் என்றும் விடுபடாதிருக்க அப்பெருமான் அருள்வானாக.