தூங்குமூஞ்சியின் சொந்தக்காரர்

நாலே முக்கால் ஆயிற்று. திருட்டுப் பயல் இன்னும் நேரலைக்கு வந்தபாடில்லை.

மாஸ்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் திரைக்கு அந்தப் பக்கம் அவருடைய ரசிகர் குழுவிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் அவரோடு சேர்ந்து காத்திருந்தார்கள்.

விஷயம் சின்னதுதான், சுண்டுவிரல் நுனி அளவு. கீபோர்டில் ஒரே ஒரு பொத்தானுக்கு மாட்டுகிற மூடி. அதில் ஒரு முகம்: ஒரு கண் மூடி, ஒரு கண் பாதி திறந்து, இப்போதுதான் யாரோ உலுக்கி எழுப்பிய மாதிரி. பெயர் தூங்குமூஞ்சி. வருஷத்துக்கு இருபதுதான் வார்ப்பார். வார்த்து முடித்ததும் அச்சைக் கேமரா முன்னால் துண்டு துண்டாகக் கத்தரித்துப் போடுவார். பார்க்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

வாங்குவது லேசில்லை. அதை வைத்துக்கொள்ளத் தனக்கு என்ன தகுதி என்று இருநூறு வார்த்தையில் எழுத வேண்டும். அப்புறம் குலுக்கல். கிடைத்தவர்கள் கீபோர்டில் மாட்டவா செய்வார்கள்? பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஒரு அப்பாவி மட்டும் நிஜமாகவே மாட்டித் தட்டச்சு செய்துவிட்டு, குழுவில் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

அப்பேர்ப்பட்ட முகத்தைத்தான் 'கடைவாய்' என்ற பெயரில் எவனோ புதிதாக வந்தவன் செய்து, படம் பிடித்துப் போட்டுவிட்டான். கேட்டவர்களுக்கெல்லாம் தருவானாம். கேட்டவர்களுக்கெல்லாமாம்! குழுவே கொதித்துப்போயிற்று.

திருட்டுப் பழிக்கு மாஸ்டரே எழுதி வைத்த விதி ஒன்று உண்டு. அச்சு எடுப்பதற்கான முகத்தை, மாதிரி எதையும் பார்க்காமல் எல்லோர் முன்னாலும் மெழுகில் செதுக்கிக் காட்ட வேண்டும். முகம் காட்ட வேண்டாம், கை தெரிந்தால் போதும். படைப்பாளி என்றால் கைதான் என்று அதில் மூன்று பக்கத்துக்கு முழங்கியிருந்தார். செதுக்கத் தெரியாதவன் வெளியே. செதுக்கிவிட்டால் தூங்குமூஞ்சி அவனுக்கும் பாத்தியம். மாஸ்டர் பத்தோடு பதினொன்று. அதெல்லாம் எவனாலும் முடியாது என்ற தைரியத்தில்தான் எழுதினார்.

பக்கத்து அறையில் மனைவி, பல் செட் செய்கிற லேபுக்கு ஏதோ அவசர வேலை என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த அசிங்கத்தையெல்லாம் அவள் பார்க்காமல் இருப்பதே நல்லது என்று நினைத்துக்கொண்டார்.

திரை வெளிச்சமாயிற்று. இரண்டு கை. ஒரு மெழுகுத் துண்டு.

கை தயங்கவே இல்லை. இரண்டு இழுப்பில் நெற்றி வந்தது. ஒரு திருகில் மூக்கு. மூன்றாவது நிமிஷம் மூடிய கண் இமையோடு வந்து உட்கார்ந்தது.

மாஸ்டர் திரைக்குக் கிட்டே குனிந்தார். வலது கட்டைவிரல் நகத்தில் நெடுக ஒரு வெடிப்பு. பதினாறு வருஷமாகத் தட்டில் சோறு போடுகிற கை.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

ஆரம்பத்தில் அவரும் முயன்றவர்தான். பதினோரு மெழுகைப் பாழாக்கினார். பார்க்கப் பொறுக்காமல் அவள், இவர் கையிலிருந்து பிடுங்கிச் செதுக்கிக் கொடுத்தாள். அதிலிருந்து வீடியோவில் கை மட்டும் தெரியச் செதுக்குவது அவள், பின்னாலிருந்து பேசுவது இவர். போன மாதம், மூடியின் அடியில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று ஒரு தடவை கேட்டாள். ஒரே ஒரு தடவைதான். ஒரு படைப்புக்கு ஒரு பெயர்தான் அழகு என்று இவர் விளக்கம் சொன்னார். அவள் சரி என்று எழுந்து போனாள்.

குழுவில் முதலில் ஒருவர் சந்தேகம் எழுப்பினார். மாஸ்டரின் பழைய வீடியோக்களை மனப்பாடமாக வைத்திருக்கிற மனுஷன் அவர். அந்த நகத்தைப் பெரிதாக்கி, வட்டம் போட்டுக் காட்டினார். அவ்வளவுதான், மளமளவென்று வந்து விழுந்தது. இது மாஸ்டரின் கை! மாஸ்டரே வேஷம் போட்டு வந்து நம் விசுவாசத்தைச் சோதிக்கிறார்! நாம் தேறிவிட்டோமா மாஸ்டர்?

தப்பிக்க வழி கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? பயம் போன வேகத்தில் கை தானாகத் தட்டியது. ஆமாம், நான்தான், சும்மா ஒரு சோதனை, எல்லோரும் தேறிவிட்டீர்கள் என்று போட்டார்.

இதயங்கள் மழையாகக் கொட்டின. ஒருவர் அழுதேவிட்டதாக எழுதினார்.

திரையில் கை நின்றது. கருவியைக் கீழே வைத்தது. படம் ஒரு ஆட்டம் ஆடி, கூரையைக் காட்டி, கதவைக் காட்டியது.

நிஜக் கதவும் திறந்தது. ஸ்டாண்டோடு போனைத் தூக்கிக்கொண்டு மனைவி உள்ளே வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. அவர் மேஜை மேல் ஸ்டாண்டை நிறுத்தி, அவருடைய இரண்டு கையும் திரையில் விழுகிற மாதிரி சரி செய்தாள். அரைகுறை மெழுகையும் ஐந்து கருவிகளையும் வரிசையாக எடுத்து வைத்தாள்.

"நீங்கதான்னு சொல்லிட்டீங்கல்ல. அந்தப் பாதிக் கண்ணு மட்டும் பாக்கி. முடிச்சிடுங்க."

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள்.

நானூற்றுப் பன்னிரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மாஸ்டர் ஐந்து கருவிகளையும் பார்த்தார். ஒன்றைத் தொட்டார், விட்டார். இன்னொன்றைத் தொட்டார். கடைசியில் தலையைத் தூக்கி, பதினாறு வருஷத்தில் ஒருநாளும் பார்க்காத பணிவோடு அவளைப் பார்த்து, மைக் ஓடிக்கொண்டிருப்பதையும் மறந்து மெல்லக் கேட்டார்.

"இதுல எதை எடுக்கணும்?"